ஒரு மணி, இரண்டு நூல்

போன வருடம் ஆவணியில் ஒரு நினைவு மலரில் இறந்தவரின் மூத்த மகளையே விட்டுவிட்டேன். மலருக்குக் கனடாவிலிருந்து காசு அனுப்பியவரும் அவர்தான்.

நான் யாழ்ப்பாண ரவுணில் ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் அமைக்கிற, புரூப் பார்க்கிற வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிற வேலையில் பாதி அந்தியேட்டி மலர்கள். முன் அட்டையில் படம், கீழே மலர்வு, உதிர்வு என்று இரண்டு திகதி, உள்ளே பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு மக்கள், மருமக்கள், பெறாமக்கள், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு பக்கத்துக்கு நீளும் பெயர்கள். பஞ்சபுராணத்தை எத்தனை பேர் வாசிக்கிறார்களோ தெரியாது, பெயர்ப் பட்டியலை மட்டும் ஒருவர் விடாமல் வாசிப்பார்கள். அவர்கள் கையால் எழுதித் தந்த தாளில் மூத்தவரின் பெயரும் இரண்டாமவரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. என் கண் ஒரு வரியைத் தாண்டிவிட்டது. தட்டும்போதும் தாண்டியது, புரூப் பார்க்கும்போதும் அதே இடத்தில் தாண்டியது. 300 பிரதி. 31ஆம் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் வந்து பார்த்தவர்கள் அங்கேயே பிடித்துவிட்டார்கள். இரவிரவாகத் திரும்ப அடித்தோம். முதலாளி ஏசவில்லை, ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். தாள் செலவில் பாதியைச் சம்பளத்தில் கழித்துவிட்டு, "பிள்ளை, ஒருக்காக் கண்ணைக் காட்டு" என்று மட்டும் சொன்னார்.

நான் கண்ணைக் காட்டாமல் இருந்தவள் இல்லை. ஆறாம் வகுப்பில் பாடசாலைக்கு வந்து பார்த்தவர்கள் 6/6, அதாவது பார்வையில் குறையில்லை, என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஓ.எல். நேரம் ஆஸ்பத்திரியில் விடியப்புறம் போய்த் துண்டு எடுத்து, கண்ணை விரிக்கிற மருந்து விட்டு, வெயிலைப் பார்க்க முடியாமல் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். அங்கேயும் 6/6. ஏ.எல். நேரம் ஒரு கடையில் கால் பவரில் ஒரு கண்ணாடி செய்து தந்தார்கள், கம்பஸ் நேரம் வேறொரு கடையில் இன்னொன்று. இரண்டும் இப்போது மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன.

எனக்கு நடந்தது இதுதான். வாசிக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் புருவத்துக்கு மேலே தலையிடி வரும். இன்னும் ஐந்து நிமிடம் போனால் நித்திரை. நடுவில் எழுத்துகள் மெல்ல மிதந்து ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறும். தமிழில் இது கொஞ்சம் கூடுதலான தொல்லை என்று நினைக்கிறேன். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று சுழி, எழுத்தே இலேசாக இரண்டாகி ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும்போது எத்தனை சுழி என்று யார் எண்ணுவது? ஒரு எழுத்தின் குற்று பக்கத்து எழுத்தின் தலையிலும் போய் உட்காரும். புரூப் பார்க்கிறவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். இதற்கு நானே கண்டுபிடித்த வைத்தியம், வரிக்குக் கீழே அடிமட்டம் வைப்பதும், களைத்தால் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாசிப்பதும். மற்றவர்களுக்கு எழுத்து அசையாது என்று எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அசையும், அவர்கள் பொறுத்துக்கொண்டு வாசிக்கிறார்கள், எனக்குத்தான் பொறுமை இல்லை என்று 26 வயது வரை நம்பியிருந்தேன்.

வீட்டிலும் அதே தீர்ப்புத்தான். "புத்தகத்தைத் தொட்டா உனக்கு நித்திரை, போனைத் தொட்டா முழிப்பு. நாங்கள் ஜாம் போத்தில் விளக்கில படிச்சனாங்கள், எங்களுக்கு ஒண்டும் வரேல்லை" என்பார் அம்மா, கேத்திலின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் முட்டவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், போத்திலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் போட்டு எரித்த அந்த விளக்கோடு யார் வாதாடி வெல்வது? நெற்றியில் சித்தாலேப பூசி, இரண்டு பனடோல் போட்டு, கம்பஸ் படிப்பை முடித்தேன்.

மலர் கதைக்குப் பிறகு, புரட்டாதியில், சனிக்கிழமைகளில் மட்டும் வருகிற ஒரு கண் டொக்டரிடம் போனேன். இளம் பெண், என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். எழுத்துப் பலகையை எல்லாம் காட்டி முடித்து, 6/6 என்று எழுதிய கையோடு ஒரு கேள்வி கேட்டார். "வாசிக்கேக்க ஒரு கண்ணைப் பொத்துவீங்களோ?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதை இதற்குமுன் யாரும் கேட்டதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. ஏதோ களவு பிடிபட்டது மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு பேனையை என் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டு வந்தார். "ரெண்டாத் தெரியேக்க சொல்லுங்கோ" என்றார். நான் சொன்னது அவர் எதிர்பார்த்ததைவிட வெகு முன்னே. அடிமட்டத்தை வைத்து அளந்தார், 17 சென்ரிமீற்றர். திரும்பத் திரும்பச் செய்தார், 19 ஆனது, 21 ஆனது. ஐந்தாறு சென்ரிமீற்றர் வரைக்கும் ஒன்றாகவே தெரிய வேண்டுமாம். பிறகு ஒரு மட்டையால் ஒரு கண்ணை மூடி, எடுத்து, மற்றதை மூடி எடுத்தார். மூடியிருக்கிற கண் மட்டைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வெளிப்பக்கம் போய்விடுகிறது, எடுத்ததும் ஓடிவந்து தன் இடத்தில் நிற்கிறது. முழுச் சோதனைக்கும் இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை, பேனையும் அடிமட்டமும் மட்டையும் தவிர ஒரு சாமானும் தேவைப்படவில்லை. பதினைந்து வருடம் எனக்கு எழுதித் தந்த 6/6 கடிதங்களை நினைத்துக் கொஞ்சம் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த 6/6 பிழை இல்லை, அதுதான் இதில் உள்ள விசயம். எழுத்துப் பலகையை ஒவ்வொரு கண்ணாக, மற்றதை மூடிக்கொண்டுதான் வாசிக்கச் சொல்கிறார்கள், அதுவும் ஆறு மீற்றர் தூரத்தில். என் வலது கண் நல்ல கண். இடது கண்ணும் நல்ல கண். இரண்டும் சேர்ந்து கிட்ட உள்ள ஒன்றைப் பார்க்க வேண்டும் என்கிறபோதுதான் சண்டை. ஒரு கண்ணுக்கு ஆறு தசை, இரண்டுக்கும் பன்னிரண்டு. கிட்ட வாசிக்கும்போது மூக்குப் பக்கத்துத் தசைகள் இரண்டு கண்ணையும் உள்ளே இழுத்து ஒரே எழுத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். தூரம் குறையக் குறைய இழுவை கூடும். இரண்டு கண்மணிக்கும் இடையில் ஆறு சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 40 சென்ரிமீற்றரில் புத்தகம் வாசிக்க 15 அலகு இழுவை, 20 சென்ரிமீற்றரில் போனைப் பிடித்தால் 30 அலகு. இதை டொக்டர் எழுதிக் காட்டியபோதுதான், படுத்துக்கொண்டு போனை மூக்கில் விழுகிற தூரத்தில் வைத்துப் பார்க்கிற என் வழக்கம் நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு. "அப்ப வாக்குக் கண்ணோ?" என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி, வேலிக்கு அங்கால் கேட்டுவிடும் என்பதுபோல. கலியாணம் பேசிக்கொண்டிருக்கிற நேரம், வேறு என்னத்தை யோசிப்பார். வெளியே தெரிகிற மாறுகண் இல்லை, உள்ளுக்குள் இருக்கிற இழுவை, இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது மூளை இழுத்துப் பிடித்து மறைத்துவிடும் என்று சொன்னேன். அம்மப்பாதான் விளங்கிக்கொண்டார். அவர் ஒரு காலத்தில் மாட்டு வண்டிச் சவாரிக்குப் பின்னால் ஊர் ஊராக அலைந்தவர். "நாம்பன் ரெண்டும் நல்ல நாம்பன். ஒண்டு வெளியால இழுக்குது. சும்மா நடக்கேக்க தெரியாது, விரட்டேக்க தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "அதுக்கு நாம்பனை மாத்திறேல்லைப் பிள்ளை, பழக்கிறது" என்றும் சொன்னார். பிறகு நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இதைவிட நன்றாகச் சொல்லவில்லை.

டொக்டர் வேறு சிலதையும் கவனமாகக் கேட்டார். சின்னனில் இருந்தே இப்படியா, திடீரென்று தொடங்கியதா, தலையில் அடி பட்டதா, தைரொயிட் இருக்கிறதா, பின்னேரம் ஆக ஆகக் கண்ணிமை விழுகிறதா. தலையில் பலத்த அடி பட்ட பிறகு இந்தக் குறை வருவது சாதாரணமாம். திடீரென்று ஒருநாள் எல்லாம் இரண்டாகத் தெரியத் தொடங்கினால் அது வேறு கதை, நரம்பு சம்பந்தமாக இருக்கலாம், பயிற்சி கியிற்சி என்று மெனக்கெடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணுக்கு இரண்டாகவே தெரிந்தால் அது அந்தக் கண்ணுக்குள் உள்ள கோளாறு, கற்றாரக்ட் போல ஏதாவது. இதை வாசிக்கிற யாராவது உங்கள் கண்ணை நீங்களே பேனையால் அளந்து முடிவெடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆகவேதான் சொல்கிறேன்.

கொழும்புக்குப் போய்ப் பயிற்சி எடுக்கச் சொல்லிக் கடிதம் தந்தார். நான் போகவில்லை. கெட்டித்தனம். யூரியூப்பில் பார்த்து, பென்சிலை மூக்குக்குக் கிட்டக் கொண்டு வருகிற பயிற்சியை ஐப்பசியும் கார்த்திகையும் வீட்டிலேயே செய்தேன். ஒரு கிழமையிலேயே பென்சில் மூக்கைத் தொடும் வரைக்கும் ஒன்றாகத் தெரிந்தது. ஆகா, குணமாகிவிட்டது என்று நினைத்தேன். தலையிடி மட்டும் அப்படியே இருந்தது.

தை பிறந்த பிறகு கடைசியில் கொழும்புக்குப் போனேன். வெள்ளிக்கிழமை இரவு பஸ், விடிய வெள்ளவத்தையில் மாமி வீட்டில் குளிப்பு, பத்து மணிக்குக் கிளினிக், அன்றிரவே திரும்ப பஸ். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, எட்டுத் தடவை. போக்குவரத்தும் கட்டணமும் சேர்ந்து சம்பளத்தில் மூன்றில் ஒன்றைத் தின்றது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பயிற்சி தந்தவர் ஒரு சிங்கள அக்கா. அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குச் சிங்களம் அரைகுறை, நடுவில் ஆங்கிலம். கொன்வேர்ஜென்ஸ், கொன்வேர்ஜென்ஸ் என்று அவர் நூறு தடவை சொன்னதற்கு வீட்டில் சொல்ல என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் இல்லை. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் இருந்துகொண்டு, தமிழில் மருத்துவம் படிப்பித்துப் பாடநூல்களையும் தமிழில் ஆக்கிய சாமுவேல் கிறீன் வைத்தியரின் ஊருக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, கண் உள்ளே திரும்புவதற்கு ஒரு சொல் இல்லாமல் முழிப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. கணித பாடத்தில் படித்த "ஒருங்குதல்" நினைவுக்கு வந்தது. அதையே வைத்துக்கொண்டேன். என் குறை, ஒருங்கல் போதாமை. புரூப் பார்க்கிறவளின் புத்தி இப்படித்தான் போகும்.

முதல் நாள் அவர் எடுத்தது ஒரு நூல். மூன்று மீற்றர் வெள்ளை நூலில் மூன்று நிற மணி கோத்திருந்தது. ஒரு நுனியைக் கதவுப் பிடியில் கட்டி, மறு நுனியை என் மூக்கு நுனியில் பிடிக்கச் சொன்னார். புரொக் என்கிற கண் பயிற்சியாளரின் பெயரில் வழங்குகிற நூல் அது. நடு மணியைப் பார், எத்தனை நூல் தெரிகிறது என்றார். ஒன்று என்றேன், கேள்வியே விளங்காமல். அவர் தலையை ஆட்டினார்.

நேராக வேலை செய்கிற இரண்டு கண்ணுக்கு இரண்டு நூல் தெரிய வேண்டும். வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு ஒன்று, இரண்டும் நீங்கள் பார்க்கிற மணியில் வந்து குறுக்காக வெட்டிக்கொள்ளும். முன்னாலும் பின்னாலும் உள்ள மற்ற மணிகள் இரட்டையாகத் தெரியும். அது நோய் இல்லை, அதுதான் ஒழுங்கு. பார்க்கிற பொருள் ஒன்றாகவும் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை இரண்டாகவும்தான் எல்லாருக்கும் எப்போதும் தெரிகிறது, மூளை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. விரலை முகத்துக்கு நேரே நீட்டி, அதைத் தாண்டிச் சுவரைப் பாருங்கள், விரல் இரண்டாகும்.

எனக்கு ஒரு நூல் தெரிந்தது என்றால் ஒரு கண் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். கண் திறந்துதான் இருக்கிறது, அது அனுப்புவதை மூளை வாங்கவில்லை. இரண்டு படம் சேராமல் சண்டை பிடிப்பதைவிட ஒன்றைத் தள்ளிவிடுவது மூளைக்குச் சுகம். ஐப்பசி, கார்த்திகை முழுக்க நான் பென்சிலை ஒன்றாகக் கண்டதன் இரகசியம் இதுதான். இரண்டு மாதம் ஒற்றைக் கண்ணுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

ஆக, குணமாவதற்கு முதலில் நான் ஒழுங்காக இரண்டாகப் பார்க்கப் பழக வேண்டியிருந்தது. பதினைந்து வருடம் எதற்குப் பயந்து கண்ணைப் பொத்தினேனோ அதையே. சிவப்பு, பச்சைக் கண்ணாடி போட்டு, இமையை வேகமாக வெட்டி, நூலை இலேசாக அசைத்து, மணியைச் சுண்டி, இரண்டாம் கிழமையில் ஒருநாள் சட்டென்று பக்கத்தில் இன்னொரு நூல் முளைத்தது. மங்கலாக, ஆவி மாதிரி. கத்திவிட்டேன். இரண்டும் மணிக்குப் பின்னால் எங்கேயோ வெட்டிக்கொண்டன, அதாவது நான் மணியைப் பார்ப்பதாக நினைக்கிறேன், என் கண்கள் மணிக்கு அப்பால் பார்க்கின்றன. பொய் சொல்ல முடியாத சாமான் அது. வெட்டுகிற இடத்தை மணிக்கு மேல் இழுத்துக் கொண்டுவர வேண்டும், பிறகு மணியைக் கிட்டக் கொண்டுவர வேண்டும், பிறகு தூரத்து மணிக்குப் பாய்ந்து திரும்பிவர வேண்டும். வீட்டில் சன்னல் கம்பியில் நூலைக் கட்டி ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் செய்தேன். தம்பி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நூலைச் சுண்டிவிட்டுப் போவான்.

மற்றப் பயிற்சிகளை நீட்டவில்லை. ஒரு பக்கம் கூட்டல் 2, மறுபக்கம் கழித்தல் 2 வில்லை பூட்டிய சட்டத்தைப் பிரட்டிப் பிரட்டி வாசிப்பது, கொம்பியூட்டரில் சிவப்பு நீலப் பெட்டிகளைச் சேர்ப்பது. எனக்குப் பிடித்தது வட்ட அட்டை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டம் கீறிய அட்டையைப் பார்த்துக்கொண்டு கண்ணை உள்ளே இழுத்தால் நடுவில் மூன்றாவதாக ஒரு வட்டம் வரும், அதற்குள் இருக்கிற சின்ன வட்டம் தாளை விட்டு எழும்பி வந்து எனக்குக் கிட்ட நிற்கும். முதல் தடவை கையை நீட்டித் தொடப் பார்த்தேன். இதற்கும் ஒரு பரம்பரை உண்டு. இரண்டு கண்ணுக்கு இரண்டு படம் காட்டி ஆழம் உண்டாக்குகிற கருவியை இங்கிலாந்தின் வீற்ஸ்ரன் என்கிற விஞ்ஞானி 1838இல் அறிமுகப்படுத்தினார், அதை வைத்தே மாறுகண்ணுக்குப் பயிற்சி கொடுக்கப் பார்த்தவர் பிரான்சின் ஜாவல் என்கிற கண் வைத்தியர். பாவம், அவருக்குக் கடைசியில் கிளோக்கோமாவில் இரண்டு பார்வையும் போய்விட்டது.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா, அல்லது நான் பஸ்ஸில் போன களைப்புக்கு ஒரு ஆறுதலா என்று இரவு பஸ்ஸில் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். 2008இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றை அக்காவே காட்டினார். 9 முதல் 17 வயது வரையான 221 பிள்ளைகள், 12 கிழமை. கிளினிக்குக்கு வந்து பயிற்சி எடுத்து வீட்டிலும் செய்தவர்களில் 73 வீதம் தேறியோ ஓரளவு முன்னேறியோ இருந்தார்கள். வீட்டில் பென்சில் மட்டும் செய்தவர்களில் 43 வீதம். இன்னொரு கூட்டத்துக்கு, பார்த்தால் பயிற்சி மாதிரியே இருக்கிற, ஆனால் கண்ணை ஒன்றும் செய்யாத பொய்ப் பயிற்சி கொடுத்தார்கள், அவர்களில் 35 வீதம். நான் அந்த 35ஐத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் உங்களை அக்கறையாகக் கவனித்தாலே மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சமாவது சுகமாகிறது.

அது பிள்ளைகள். எங்கள் வயதுக்காரர்களிடம் செய்த ஆய்வு சின்னது, 2005இல் வந்தது, 19 முதல் 30 வயது வரை 46 பேர். கிளினிக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இரண்டாகத் தெரியத் தொடங்குகிற அளவு 12.8 சென்ரிமீற்றரிலிருந்து 5.3க்கு வந்திருக்கிறது, நல்ல முன்னேற்றம். ஆனால் தொந்தரவு போய்விட்டது என்று சொல்லத்தக்க நிலைக்கு வந்தவர்கள் அவர்களில் 42 வீதம்தான். பொய்ப் பயிற்சியில் 31, பென்சிலில் 20. அளவு திருந்துவதும் ஆள் சுகமாக உணர்வதும் ஒன்றல்ல என்று எனக்கு அதில்தான் விளங்கியது.

இது அபூர்வமான குறையும் இல்லை. சென்னை சங்கர நேத்ராலயா ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 920 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்ததில், வெளியே தெரிகிற மாறுகண் இல்லாமலே இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்வதில் ஏதோ ஒரு கோளாறு, நகரத்திலும் கிராமத்திலும் ஏறக்குறைய 30 வீதமானவர்களுக்கு இருந்தது. அதிகம் கண்டது என்னுடைய இதே குறை, ஏறக்குறைய 17 வீதம். ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "படிக்கக் கள்ளம்" என்று பெயர் எடுத்தவர்களில் எத்தனை பேரோ.

அதற்காக எல்லாக் கள்ளத்தையும் இதில் கட்டிவிட ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி தொடங்கிய கிழமையிலிருந்து என் பேஸ்புக் முழுக்க விளம்பரம். கண் பயிற்சியால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம், எழுத்துக் குழப்பம் உள்ள பிள்ளை நன்றாக வாசிக்கும், பரீட்சையில் புள்ளி கூடும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வாசிப்புக் குறைபாட்டைக் கண் பயிற்சி மாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் பிள்ளை வைத்தியர் சங்கமும் கண் வைத்தியர் சங்கமும் 2009இலேயே சேர்ந்து அறிக்கை விட்டிருக்கின்றன. அதைவிட, 2019இல் வந்த ஆய்வில், ஒருங்கல் போதாமை உள்ள 311 பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், வாசித்து விளங்குகிற திறன் பொய்ப் பயிற்சி எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. என் விசயத்திலும் அப்படித்தான். நான் திறமான புரூப்காரி ஆகிவிடவில்லை, "எதிர்ப்பார்ப்பு" என்று ஒற்று மிகுந்து வந்ததைப் போன கிழமையும் பார்க்காமல் விட்டேன். கண் இருந்தும் பார்க்கவில்லை, அதற்கு எந்த நூலும் பொறுப்பில்லை.

சூசன் பாரி என்று ஓர் அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் இருக்கிறார், சிறு வயதிலிருந்து மாறுகண், 48 வயதில் இதே மாதிரிப் பயிற்சி செய்து, ஒருநாள் காரில் ஏறி உட்கார்ந்தபோது ஸ்ரியரிங் சில்லு முன்னால் மிதந்து நிற்பதைக் கண்டு திகைத்துப் போனவர். எனக்கு அப்படி அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. வைகாசியில், எட்டாவது தடவை அளந்தபோது 17 ஏழாகியிருந்தது. வாசிக்கும்போது வருகிற தொந்தரவுகளைப் பற்றி 15 கேள்வி, 60க்குப் புள்ளி போடுகிற ஒரு தாள் உண்டு, பெரியவர்களுக்கு 21ஓ அதற்கு மேலோ வந்தால் குறை என்று கணக்கு. 38இல் தொடங்கிய நான் 18இல் முடித்தேன். மட்டையால் மூடிப் பார்த்தால் கண் இன்னமும் முந்திய அளவுக்கு வெளியே போகிறது, அது மாறவில்லை. இழுத்துப் பிடிக்கிற பலம் மட்டும் கூடியிருக்கிறது. அம்மப்பாவின் நாம்பன் கதைதான்.

இப்போது ஒரு மணித்தியாலம் தொடர்ந்து வாசிக்கிறேன். பனடோல் கார்ட் ஒன்று மாதக்கணக்கில் முடியாமல் கிடக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு அச்சகத்தில் மேசையில் சாய்வதில்லை. நித்திரை குறைவான நாட்களிலும், காய்ச்சல் வந்த கிழமையிலும் எழுத்து பழையபடி மிதந்தது, அடிமட்டம் இன்னமும் மேசையில்தான் இருக்கிறது. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறேன்.

நூலைச் சன்னல் கம்பியிலிருந்து நான் அவிழ்க்கவில்லை, விட்டுப்போகாமல் கிழமைக்கு இரண்டு நாள் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை செய்துகொண்டிருந்தபோது அம்மா தேத்தண்ணியோடு வந்து நின்றார். "உதில அப்பிடி என்னத்தைத்தான் பாக்கிறாய்?" என்று கேட்டார். உட்காரச் சொல்லி நூலை அவர் மூக்கில் பிடித்துக் கொடுத்தேன். நடு மணியைப் பாருங்கோ, அதில ரெண்டு நூல் வந்து வெட்டும் என்றேன்.

அம்மா கனநேரம் பார்த்தார்.

"எங்கையடி ரெண்டு நூல்? ஒண்டுதானே கிடக்கு."

இமையை வெட்டச் சொன்னேன், நூலை அசைத்தேன், மணியைச் சுண்டினேன். ஒன்றுதான். கையால் அவருடைய இடது கண்ணை மூடினேன்.

"இப்ப?"

"அப்பிடியேதான் தெரியுது" என்றார். "ஏன், என்ன?"

சனிக்கிழமைக்குத் துண்டு எடுத்திருக்கிறேன்.